தெரியும், சொல்ல மாட்டேன்

கலையரசியின் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவள் குரல் தெரியும். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் மாடியில், கடை திறந்த கையோடு வட்ட விளக்கைப் போட்டு, போனை ஸ்டாண்டில் மாட்டி, தோளில் ஒரு புடவையைச் சரித்துக்கொண்டு லைவை ஆரம்பித்துவிடுவாள்.

"வணக்கம்மா, வணக்கம்கா, எல்லாரும் சாப்டீங்களா? இது பாருங்க, தறியில இருந்து நேத்து சாயங்காலம்தான் இறங்குச்சு. இந்தக் கலர் மறுபடி வராது. ஒரே பீஸ்தான் இருக்குது. வேணுங்கறவங்க சட்டுனு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கீழ இருக்கற நம்பருக்கு அனுப்புங்க!"

துபாயில் இருக்கிறவளும் வாலாஜாபாத்தில் இருக்கிறவளும் அந்த "ஒரே பீஸ்தான்" என்ற வார்த்தையைக் கேட்டால் போதும், பதறிப்போய் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். கடை முதலாளி தனசேகரன், அந்தக் குரலுக்காகவே அவளை வைத்திருந்தார். முசரவாக்கத்துக் காலனிப் பெண் பட்டுப்புடவை போர்த்திக் காட்டுவதா என்று ஊரில் முகம் சுளித்தவர்களும் உண்டு. கல்யாணச் சீசன் வந்தால் அவர்களும் லைவுக்கு வந்துவிடுவார்கள்.

புடவையைப் பார்க்காமல் புடவை காட்டுகிறவளைப் பார்க்க வருகிற கூட்டம் ஒன்றும் உண்டு. அசிங்க அசிங்கமாகக் கமெண்ட் போடுவார்கள். மற்ற கடைப் பெண்கள் அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பார்கள். கலையரசிக்கு அது ஒத்துவராது. அந்தக் கமெண்டை அப்படியே சத்தமாகப் படித்துவிடுவாள். "இதோ, கிங்கு ராஜான்னு ஒரு அண்ணன் வந்திருக்காரு. 'பொடவை வேணாம் ஆன்ட்டி, நீங்க இன்னா ரேட்டு'ன்னு கேக்கறாரு. அண்ணே, போனை வீட்ல அண்ணி கையில குடுங்க, ரேட்டு அவங்களாண்டயே பேசிக்கறேன்!" அடுத்த நொடி கிங்கு ராஜா இருந்த இடம் தெரியாது. எழுதும்போது வராத வெட்கம், எழுதியதை நாலு பேர் நடுவில் வாய்விட்டுப் படித்தால் வந்துவிடுகிறது. இது கலையரசி தொழிலில் கண்டுபிடித்தது. அவளுக்கு இதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்குத்தான் தை மாசத்தில் ஒருநாள் அடி விழுந்தது.

லைவில் நல்ல கூட்டம். மாம்பழக் கலர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டே, ஓடுகிற கமெண்டுகளில் ஒன்றைப் பார்த்தாள். கண் பட்டதும் வாய் படித்தது. "'அக்கா, உங்க பொண்ணு இன்னும் ஸ்டாக் இருக்குதா? நேத்து நீங்களே வித்தீங்களே, ஒரே பீஸ்னு'..."

படித்து முடித்த பிறகுதான் மனசுக்கு எட்டியது. பொண்ணு என்று அவளே சொல்லியிருக்கிறாள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புடவை தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

தனசேகரன் லைவை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே தன் போனை நீட்டினார். கடை நம்பருக்கு யாரோ அனுப்பியிருந்த வீடியோ. சிம்ரன், அவளுடைய ஒரே மகள், பள்ளிக்கூடத்துப் பொங்கல் விழாவில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு பானை பக்கத்தில் சிரித்தபடி நிற்கிற படம். மூலையில் பள்ளிக்கூடத்தின் முத்திரை. படத்துக்குக் கீழே சிம்ரனின் போன் நம்பர். படத்துக்கு மேல் ஓடுகிற குரல் கலையரசியின் குரல். "இந்தக் கலர் மறுபடி வராது. ஒரே பீஸ்தான் இருக்குது. வேணுங்கறவங்க சட்டுனு..."

பெற்ற தாய் தன் வாயாலேயே மகளை விற்கிற மாதிரி யாரோ ஒட்டிச் செய்திருந்தார்கள். கலையரசி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து சிம்ரன் போனை அணைத்து வைத்துவிட்டு, தலைவலி என்று சுருண்டு படுத்திருந்தது ஏன் என்று இப்போது புரிந்தது.

மறுநாள் மகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதே, பள்ளிக்கூடம் தன் பங்கைச் செய்து முடித்திருந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு வந்து கிடந்தது. "அனைத்துப் பெற்றோர் கவனத்திற்கு. பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு மாணவி ஜோ. சிம்ரன், முசரவாக்கம், குறித்து ஒரு வீடியோ பரவி வருகிறது. யாரும் அதைப் பார்க்கவோ பகிரவோ வேண்டாம். பெண் பிள்ளைகளின் போன் பழக்கத்தைப் பெற்றோர் கண்காணிக்கவும். நிர்வாகம்."

அதுவரை அந்த வீடியோவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட எங்கே எங்கே என்று தேடிப் பார்த்தார்கள். பதில் எழுதலாம் என்றால் அந்தக் குரூப்பில் நிர்வாகம் மட்டும்தான் எழுத முடியும். பெற்றவர்களுக்குப் படிக்க மட்டும்தான் உரிமை.

தாளாளர் மாணிக்கவேல் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வகுப்பாசிரியை ரேவதி, கைகளைக் கோத்துக்கொண்டு.

"தகவல் வந்ததுமே நாங்க ஆக்‌ஷன் எடுத்துட்டோம்மா. குரூப்ல போட்டோமே, பாத்தீங்களா?" என்றார் மாணிக்கவேல்.

"பாத்தேன் சார். பேரு, ஊரு எல்லாம் போட்டிருக்குது."

"பேர் போடலன்னா யாரைப் பத்திச் சொல்றோம்னு எப்படிம்மா தெரியும்?"

கலையரசிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும்.

"அந்த போட்டோ நம்ம ஸ்கூல் பேஜ்ல இருந்து எடுத்தது சார்," என்றாள் சிம்ரன். "பொங்கல் அன்னிக்கே மிஸ்ஸாண்ட சொன்னேன், என் போட்டோ போடாதீங்கன்னு. என் நம்பரும் நீங்க குரூப்ல போட்ட பிராக்டிகல் லிஸ்ட்ல இருந்துதான் போயிருக்குது."

"அட்மிஷன் டைம்மா, விளம்பரத்துக்குத்தான்," என்று ரேவதி மேசையைப் பார்த்துச் சொன்னாள். "எல்லார் போட்டோவும்தான் போட்டோம்."

மாணிக்கவேல் கையை நீட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும். உன் போனைக் குடு. நீ யார் யாராண்ட பேசினே, யாருக்கு இன்னா அனுப்பினேன்னு பாத்தாதான் இதுக்கு ஒரு முடிவு தெரியும்."

"அனுப்பினது எங்க கிளாஸ் தனுஷ்தான் சார். கிளாஸ் பசங்க குரூப்ல அவன் நம்பர்ல இருந்துதான் முதல்ல வந்துச்சு. அவன் போனைப் பாத்தீங்களா?"

"அவங்க அப்பாவாண்ட பேசிக்கினு இருக்கோம். பையனுக்கு எக்ஸாம் டைம். மனசு உடைஞ்சிடக் கூடாது."

"எனக்கும் அதே எக்ஸாம்தான் சார்."

தனுஷின் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித் தந்தவர். அந்தக் கட்டடத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சிம்ரன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆனால் பூட்டைத் திறக்கவில்லை. மாணிக்கவேல் ஒருமுறை திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதைக் கலையரசி பக்கம் தள்ளினார்.

"அம்மாவுக்கு லாக் நம்பர் தெரியும் இல்ல? நீங்க போட்டுக் குடுங்க. தப்பு ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா பயம்?"

கலையரசிக்குத் தெரியும். வீட்டில் அவள் போனில் சார்ஜ் தீர்ந்தால் மகள் போனில்தான் பழைய லைவைப் போட்டுப் பார்ப்பாள். அதற்குள் என்ன இருக்கும் என்பதும் தெரியும். சிநேகிதி ஷாரோனோடு போட்ட சண்டை, சமாதானம். உதட்டுச்சாயம் பூசிப் பூசி எடுத்து, யாருக்கும் அனுப்பாத படங்கள். அப்பாவைப் பற்றிய புகார். மாசா மாசம் வருகிற வயிற்று வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்ட கேள்வி. தப்பு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்த அறையில் இருக்கிறவர்களுக்கு உரியதும் இல்லை.

கலையரசியின் அப்பா தேவசகாயம், இந்த மாதிரி நாற்காலிகளுக்கு எதிரில் நின்றே பழகியவர். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். எது கேட்டாலும் "சரிங்க" என்பார். அந்தச் "சரிங்க" கலையரசியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விரல்கூட போனைத் தொட்டுவிட்டது. சிம்ரன் அவளைப் பார்த்தாள். அதில் கெஞ்சல் இல்லை. நீ எந்தப் பக்கம் என்று பார்க்கிற பார்வை.

"தெரியும் சார்," என்றாள் கலையரசி. போனை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "சொல்ல மாட்டேன்."

மாணிக்கவேலின் முகம் கறுத்தது. தெரியாது என்று பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார். தெரியும், சொல்ல மாட்டேன் என்று அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை.

"அப்படின்னா நீங்களே பாத்துக்கங்க," என்றார். "உங்க பொண்ணு சேஃப்டிக்குத்தான் சொல்றேன். எக்ஸாம் வரைக்கும் வீட்லயே உக்காந்து படிக்கட்டும். பிராக்டிகலுக்கு மட்டும் வரட்டும். போலீசு கீலீசுன்னு போனீங்கன்னா ஸ்கூல் பேரும் கெடும், உங்க பொண்ணு பேரும் கெடும்."

ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசற்படி ஏறியதும் சிம்ரன் வெடித்தாள்.

"நீ ஏம்மா அந்தக் கமெண்டைப் படிச்சே? ஊரே பாத்துக்கினு இருக்கும்போது? அவனுங்க பண்ணதைவிட அதுதான்மா எனக்கு..." அழுகை வந்துவிட்டது.

"வாய் முந்திக்கிச்சும்மா," என்றாள் கலையரசி. "பாழாப்போன வாய்." அவளும் அழுதாள். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். சிம்ரன் விலகவில்லை.

ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஆட்டோ ஓட்டுகிற சிம்ரனின் அப்பா ஜோசுவா, விஷயம் கேட்டு ஓடிவந்தான். கோபத்தைவிடப் பயம்தான் அவனுக்கு அதிகம். "பெரிய இடத்துப் பசங்க. எக்ஸாம் முடியற வரைக்கும் வீட்லயே இருக்கட்டுமே. நமக்கு எதுக்கு வம்பு?"

சிம்ரன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பண்ணவன் கிளாஸ்ல உக்காந்துக்கினு இருக்கான்பா. நான் வீட்ல உக்காந்தா, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு ஆயிடும். என் பெஞ்சு ஜன்னலாண்ட இருக்குது. நாளைக்கு அதுல நான் உக்காரணும். அப்பால, அவங்க என் பேரைப் போட்டது தப்புன்னு அதே குரூப்ல எழுதணும். டெலீட் பண்ணா மட்டும் போதாது."

"அந்தப் பையன் பேரை லைவ்ல படிக்கட்டா?" என்றாள் கலையரசி. அவள் கை துறுதுறுத்தது. "ஒரு தடவை படிச்சா போதும், தலை காட்ட முடியாது."

"வேணாம். போலீஸ்ல மட்டும் சொல்லு. அவன்மேல இரக்கம்லாம் இல்லம்மா. பேரைப் போட்டு நாறடிக்கறதுதான் ஸ்கூல் பண்ண வேலை. அதையே நாம எதுக்குப் பண்ணணும்?"

அன்று சாயங்காலமே மூவரும் போய்ப் புகார் கொடுத்தார்கள். சிம்ரன் போனில் எதைக் காட்ட வேண்டுமோ அதை மட்டும் அவளே திறந்து காட்டினாள். எழுதிக்கொண்ட பெண் போலீஸ், பெண்ணின் பெயர் வெளியே போகாது என்று சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு இது தெரியாதா என்று ஜோசுவா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

காலையில் சிம்ரன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கலையரசியும் கூடவே போனாள். பள்ளிக்கூட வாசலில் வண்டியும் வேனுமாக ஒரே நெரிசல். வாட்ச்மேன் குமாரவேல் கதவை மறித்துக்கொண்டு, தர்மசங்கடத்தோடு நின்றார்.

"உன்னை விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா. என்னை இன்னா பண்ணச் சொல்றே?"

சிம்ரன் அசையவில்லை. கலையரசி சுற்றிலும் பார்த்தாள். இங்கே வட்ட விளக்கு இல்லை, போன் ஸ்டாண்டு இல்லை. மகளைப் பார்த்தாள். "பேரு மட்டும் வேணாம்மா," என்றாள் சிம்ரன் மெதுவாக. கலையரசி போனை எடுத்து அந்த அறிவிப்பைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம்மா, வணக்கம்கா, எல்லாரும் சாப்டீங்களா?"

பாதி வாசல் திரும்பிப் பார்த்தது. "ஏய், பொடவை லைவ் அக்காபா!" என்றாள் ஸ்கூட்டரில் இருந்த ஒருத்தி.

"நேத்து ஸ்கூல் குரூப்ல ஒண்ணு வந்துச்சே, எல்லாரும் மனசுக்குள்ள படிச்சிருப்பீங்க. நான் சத்தமா படிக்கறேன், கேளுங்க. 'அனைத்துப் பெற்றோர் கவனத்திற்கு. பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு மாணவி'... இங்க ஒரு பொண்ணு பேரு இருக்குது. நான் படிக்க மாட்டேன். ஊர் பேரும் இருக்குது. அதையும் படிக்க மாட்டேன். அசிங்கம் பண்ணவன் பேரு இருக்குதான்னு தேடிப் பாத்தேன். அது இல்ல. 'பெண் பிள்ளைகளின் போன் பழக்கத்தைப் பெற்றோர் கண்காணிக்கவும்.' ஆம்பளைப் பிள்ளைங்க போன்ல இன்னா பண்ணாலும் கவலை இல்ல போல இருக்குது!"

யாரோ சிரித்தார்கள். யாரோ அடக்கினார்கள்.

"இதுக்குப் பதில் எழுதலாம்னா அந்தக் குரூப்ல நமக்கு வாய் இல்ல. அதான் வாசலுக்கு வந்தேன். இப்போ ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஸ்கூல் பேஜைத் திறங்க. உங்க வீட்டுப் பொண்ணு இருக்குதா பாருங்க."

போன்கள் வெளியே வந்தன. கொஞ்ச நேரம் விரல்கள் மட்டும் ஓடின. ஸ்கூட்டர்க்காரி காந்தா முதலில் கத்தினாள். "ஐயய்யோ, என் பொண்ணு! பேரு, கிளாஸு, ஐயம்பேட்டைன்னு ஊரு வேற போட்டிருக்காங்களே!" இன்னொருத்தர் தன் மகள் டான்ஸ் ஆடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று குமாரவேலிடம் சண்டைக்குப் போனார். நேற்று வரைக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வராத கோபம், தன் வீட்டுப் பெண்ணைக் கண்டதும் வந்தது. கலையரசிக்கு அதில் வருத்தம் இல்லை. எப்படி வந்தால் என்ன, வந்ததே போதும்.

மாணிக்கவேல் வேகமாக வந்தார், பின்னாலேயே ரேவதியும். "இன்னாம்மா இது, ரோட்ல? உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"உள்ள பேசினது முடிஞ்சிடுச்சு சார்." கலையரசி போனை அவர் கையில் வைத்தாள். "நீங்க எழுதினதுதானே. நான் பாதியில நிறுத்திட்டேன். நீங்க முழுசா, பேரோட சேத்து, சத்தமா படிங்க."

கூட்டம் அவரைப் பார்த்தது. சிம்ரனும் நேராக அவரைப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் அவர் ஆரம்பித்தார். "அனைத்துப் பெற்றோர்... பன்னிரண்டாம் வகுப்பு... மாணவி..." அங்கே நின்றுவிட்டது குரல். எதிரில் நிற்கிற பெண்ணின் பெயர் அடுத்த வார்த்தையாக இருந்தது. உதடு அசைந்தது. பெயர் வரவில்லை.

"படிக்க முடியல இல்ல சார்?" என்றாள் கலையரசி. "எழுத மட்டும் எப்படி முடிஞ்சுது?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். ரேவதிதான் முன்னால் வந்து தன் போனை எடுத்தாள். பழைய அறிவிப்பை நீக்கிவிட்டு எழுத ஆரம்பித்தாள். மாணிக்கவேல் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வருந்துகிறோம்னு போடும்மா, போதும்," என்றார்.

"தவறுன்னு போடுங்க மிஸ்," என்றாள் சிம்ரன்.

ரேவதி ஒரு கணம் தாளாளரைப் பார்த்தாள், பிறகு சிம்ரனைப் பார்த்தாள். வாசலில் இருந்த அத்தனை போன்களும் சேர்ந்து ஒலித்தன. "ஒரு மாணவியின் பெயரை நாங்கள் வெளியிட்டது தவறு. நிர்வாகம்." அவ்வளவுதான். வாயைத் திறந்து மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஸ்கூல் பேஜிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக, முனகிக்கொண்டே, இறக்கினார்கள். சில இன்னும் இறங்கவில்லை. தனுஷ் அன்றைக்கு வரவில்லை. அவன் அப்பாவின் கார் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனதைப் பலர் பார்த்தார்கள்.

குமாரவேல் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் கதவைத் திறந்தார். சிம்ரன் உள்ளே காலெடுத்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போய் லைவ் போடும்மா. நேரமாயிடுச்சு."

"லைவ்ல யாராவது உன்னைக் கேட்டா?"

சிம்ரன் கொஞ்சம் யோசித்தாள். "கிளாஸ்ல இருக்கான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே."

கடைக்குப் போனபோது தனசேகரன் விளக்கைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த 'ஒரே பீஸ்' வசனத்தை விட்டுடும்மா. அதைக் கேட்டா ஜனங்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் வரும். வேற ஏதாவது சொல்லிக்கலாம்."

"நான் ஏண்ணே விடணும்? எடுத்தவன்தான் விடணும். அது என்னுது."

மாம்பழக் கலர் புடவையை மறுபடி தோளில் போட்டாள். வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். பாதிப் பேர் புடவைக்கு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பெயரில்லாத ஒருவன் வந்தான். கலையரசி அந்தக் கமெண்டை முதலில் மனசுக்குள் முழுதாகப் படித்தாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு அண்ணன் வந்திருக்காரு. பேரு வெச்சுக்க தைரியம் இல்லாத அண்ணன். 'பொண்ணு எங்க அக்கா'ன்னு கேக்கறாரு." போனை நேராகப் பார்த்தாள். "கிளாஸ்ல இருக்கா."

பிறகு முந்தானையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

"இது பாருங்கம்மா. பொடவை. இதுக்கு மட்டும்தான் இங்க ரேட்டு. ஒரே பீஸ்தான் இருக்குது."